ஆர்டர் இருக்கு, காசு எப்போ வரும்? கேஎன்ஆர் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸின் எதிர்காலம் எப்படி? முழு விளக்கம்

கோவை அவிநாசி சாலையில் கோல்டுவின்ஸில் இருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கி.மீ. நீளத்துக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. திறந்த அன்றே செல்ஃபி எடுக்க கூட்டம் கூடியது. அதைக் கட்டியது ஐதராபாத்தைச் சேர்ந்த கேஎன்ஆர் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்.

அதே ஆண்டு மே 19-ம் தேதி, கேரளாவின் மலப்புரம் மாவட்டம் கூரியாட்டில் கட்டுமானத்தில் இருந்த தேசிய நெடுஞ்சாலை 66 சரிந்து விழுந்தது. அந்த வேலையை எடுத்திருந்ததும் இதே நிறுவனம்தான்.

1995-ல் தொடங்கி 2008-ல் பங்குச்சந்தைக்கு வந்த இந்த நிறுவனம் ரோடு, மேம்பாலம், நீர்ப்பாசனம் என்று பல வேலைகள் செய்கிறது. இப்போது நிலக்கரிச் சுரங்கத்திலும் இறங்கியிருக்கிறது. "புதிய ஆர்டர் கிடைத்தது" என்று ஒரு வரி ஃப்ளாஷ் ஓடினாலே இதுபோன்ற பங்குகளை வாங்க நினைக்கிறவர்கள் நிறைய பேர். ஆனால் அந்த ஒரு வரியை வைத்து நிறுவனத்தின் அடுத்த சில ஆண்டுகளைக் கணிக்க முடியுமா? (இது முதலீட்டு ஆலோசனை அல்ல.)

ஆர்டர் புக் என்றால் என்ன?

கையில் எடுத்து, இன்னும் முடிக்காமல் இருக்கும் வேலைகளின் மொத்த மதிப்புதான் ஆர்டர் புக். உதாரணத்துக்கு, ஒரு கம்பெனி வருஷத்துக்கு 4,000 கோடி ரூபாய் வேலை செய்கிறது, கையில் 8,000 கோடிக்கு ஆர்டர் இருக்கிறது என்றால், இரண்டு வருஷத்துக்கு வேலை இருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள்.

கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் இந்தக் கணக்கு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. வேலை எப்போது தொடங்கும்? பில்லுக்குப் பணம் கொடுக்கப் போவது யார்? அது எத்தனை வருஷத்தில் வரும்? கேஎன்ஆர் விஷயத்தில் சிக்கல் இந்த மூன்றிலும் இருக்கிறது.

40:60 கணக்கு

நெடுஞ்சாலை வேலைகள் ஒரே மாதிரி கொடுக்கப்படுவதில்லை. சிலவற்றில் வேலை நடக்க நடக்க அரசே முழுப் பணத்தையும் கொடுத்துவிடும். சிலவற்றில் கம்பெனியே ரோடு போட்டு, டோல்கேட் வைத்து வசூலித்துக்கொள்ள வேண்டும். வண்டி வராவிட்டால் நஷ்டம் கம்பெனிக்கு. 2010-களின் தொடக்கத்தில் இந்த முறையில் பல கம்பெனிகள் கடனில் சிக்கின.

அதன் பிறகு 2016-ல் வந்ததுதான் 'ஹைப்ரிட் ஆன்யூட்டி', சுருக்கமாக ஹேம். திட்டச் செலவில் 40 சதவீதத்தை கட்டுமான காலத்திலேயே நெடுஞ்சாலை ஆணையம் கொடுத்துவிடும். மீதி 60 சதவீதத்தை கம்பெனி கடன் வாங்கியும், சொந்தப் பணம் போட்டும் திரட்ட வேண்டும். ரோடு முடிந்த பிறகு அந்தத் தொகை வட்டியோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 15 ஆண்டுகளுக்குத் தவணையாக வரும். வண்டி குறைந்தாலும் கம்பெனிக்குக் கவலை இல்லை, டோல் வசூல் ஆணையத்தின் பொறுப்பு.

பாதுகாப்பான முறைதான். ஆனால் 1,000 கோடி ரூபாய் திட்டம் என்றால் 600 கோடி கம்பெனி பக்கம். அதில் பெரும்பகுதி வங்கிக் கடன் என்றாலும், நூறு கோடிக்கு மேல் சொந்தப் பணம் போய் முடங்கும். இப்படி நாலைந்து திட்டம் ஒரே நேரத்தில் ஓடினால்?

அதனால்தான் ரோடு போட்டு முடித்ததும் அந்தத் திட்டத்தையே விற்றுவிடுகிறார்கள். கேஎன்ஆர் போட்ட திருச்சி–கல்லகம் சாலைத் திட்டம் இப்படித்தான் கியூப் ஹைவேஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. 2025-ல் மேலும் நான்கு ஹேம் திட்டங்களை இண்டஸ் இன்ஃப்ரா டிரஸ்ட்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. அதில் நம்மூர் ஒட்டன்சத்திரம்–மடத்துக்குளம் சாலையும் ஒன்று. கிடைக்கிற பணம் அடுத்த திட்டத்துக்கு. தனி நிறுவனக் கணக்கில் பெரிய கடன் இல்லாமல் கேஎன்ஆர் ஓடுவதற்கு இந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். இந்தத் துறையில் அது பெரிய பலம்.

அப்படின்னா பிரச்னை எங்கே?

விற்கத் திட்டம் இருக்கிறது, புதிதாக எடுக்கத்தான் திட்டம் குறைந்துவிட்டது. 2022-23-ல் நாடு முழுக்க 12,375 கி.மீ. தேசிய நெடுஞ்சாலைக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது 8,581 கி.மீ. ஆகச் சரிந்தது. 2017-ல் அறிவித்த பாரத்மாலா திட்டத்தின் செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் போனதால், அதில் புதிய வேலைகளுக்கு அனுமதி நின்றது. மத்திய பட்ஜெட்டில் சாலைத் துறைக்கு 2024-25-ல் 2.78 லட்சம் கோடி ரூபாய், 2025-26-ல் 2.87 லட்சம் கோடி. தொகை பெரிசுதான், ஆனால் முன்பு போல் தாவவில்லை.

வேலை குறைந்தால் போட்டி கூடும், விலை குறையும். குறைந்த விலைக்கு எடுக்க மாட்டோம் என்று ஒதுங்கினால் ஆர்டர் வராது. கேஎன்ஆர் கட்டுப்பாடாக விலை போடும் நிறுவனம் என்று சந்தையில் பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு விலையும் உண்டு: 2024-25-ல் தனி நிறுவனக் கணக்கில் வருமானம் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது.

ஆர்டர் கிடைத்தாலும் உடனே வேலை தொடங்காது. நிலத்தின் பெரும்பகுதியை அரசு கையகப்படுத்திக் கொடுத்த பிறகுதான் தொடக்கத் தேதி அறிவிப்பார்கள். அதுவரை ஆர்டர் காகிதத்தில் இருக்கும், ஜேசிபி ஷெட்டில் நிற்கும்.

தெலங்கானா நிலுவை

ரோட்டை மட்டும் நம்பாமல் நீர்ப்பாசனத்துக்குப் போனது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. தெலங்கானாவில் பெரிய அணைகளும் கால்வாய்களும் கட்டிய காலம் அது. ஆனால் மாநிலத்தின் நிதி நெருக்கடியில் பில்கள் தேங்கின. 2023 டிசம்பரில் ஆட்சியும் மாறியது. நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் வரவேண்டியது வராமல் இழுத்தது.

கணக்கில் இதை வருமானம் என்று எழுதியாகிவிட்டது. லாபமும் காட்டியாகிவிட்டது. கையில் காசுதான் வரவில்லை. ஆனால் தொழிலாளி கூலியும் டீசல் பில்லும் அதுவரை காத்திருக்காதே!

கூரியாடு சரிவால் என்ன ஆகும்?

வயல்வெளியில் மண் கொட்டி உயர்த்திய சாலை அது. அடியில் இருந்த மண் பாரம் தாங்கவில்லை என்பது முதல்கட்ட விளக்கம். நிறுவனமும் ஆலோசனை நிறுவனமும் புதிய டெண்டர்களில் கலந்துகொள்ள தற்காலிகத் தடை வந்தது. அந்த இடத்தில் தூண்கள் மேல் பாலமாக, கம்பெனியின் சொந்தச் செலவில் கட்டித்தர வேண்டும் என்று ஆணையம் சொன்னது. செலவைவிட, டெண்டர் போட முடியாத காலம்தான் ஒரு ரோடு கம்பெனிக்குப் பெரிய அடி.

ரோடு கம்பெனிக்கு நிலக்கரியில் என்ன வேலை?

2025-ல் ஜார்க்கண்டின் பன்ஹார்டிஹ் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டும் ஆர்டர், சுமார் 4,800 கோடி ரூபாய்க்கு, இன்னொரு நிறுவனத்துடன் கூட்டாகக் கிடைத்தது. யோசித்துப் பார்த்தால் சம்பந்தம் இல்லாமல் இல்லை. மேல் மண்ணை அள்ளுவது, பாறையை வெடிப்பது, டிப்பரில் ஏற்றுவது எல்லாம் ரோடு வேலையிலும் இருப்பதுதான். பணம் கொடுக்கப் போவது என்டிபிசியும் ஜார்க்கண்ட் அரசுத் தரப்பும் சேர்ந்த மின் நிறுவனம். அனல்மின் நிலையம் ஓட அவர்களுக்கு நிலக்கரி வேண்டும். எனவே இங்கே பில் தேங்கும் பயம் குறைவு.

இங்கேதான் ஆர்டர் புக்கை கவனமாகப் படிக்க வேண்டும். ரோடு ஆர்டர் என்றால் இரண்டு, மூன்று வருஷத்தில் வருமானமாகிவிடும். சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் டன்னுக்கு இவ்வளவு என்று பல ஆண்டுகளுக்குப் பிரிந்துதான் வரும். நிலம், வன அனுமதி, இடம்பெயர்வோரின் மறுவாழ்வு எல்லாம் சரியான பிறகுதான் முதல் டன்னே வெளியே வரும். ஆர்டர் புக்கில் நிறுவனத்தின் பங்குத் தொகை முழுவதும் முதல் நாளே ஏறிவிடும். அதை மற்ற ஆர்டர்களோடு கூட்டி வருமானத்தால் வகுத்தால் 'இத்தனை வருஷத்துக்கு வேலை' என்ற கணக்கு அழகாகத் தெரியும், ஆனால் அடுத்த வருஷத்தின் வேலையை அது காட்டாது.

அடுத்து கவனிக்க வேண்டியது என்ன?

காலாண்டு முடிவு வரும்போது லாபத்தின் சதவீதம்தான் தலைப்பாகும். அதற்குக் கீழே, ஆர்டர் புக்கில் சுரங்கத்தைக் கழித்த பிறகு ரோடு எவ்வளவு மீதம், தெலங்கானாவில் இருந்து அந்த மூன்று மாதத்தில் எவ்வளவு பணம் உள்ளே வந்தது, கையில் உள்ள ஹேம் திட்டங்களில் எதற்கெல்லாம் தொடக்கத் தேதி கிடைத்தது என்ற மூன்று விவரங்களைத் தேட வேண்டும். முடிவுகளுக்குப் பிறகு முதலீட்டாளர்களிடம் நிர்வாகம் பேசும் பதிவு பங்குச்சந்தை இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கும். இந்த மூன்று கேள்விகளையும் அதில் யாராவது ஒருவர் கேட்டிருப்பார்.