முக்கூடற் பள்ளு

முக்கூடற் பள்ளு, தாமிரபரணிக் கரை உழவரின் காதலையும் சக்களத்திச் சண்டையையும் பாடும் சிற்றிலக்கியம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இந்நூல், பள்ளு நூல்களுள் தலைசிறந்ததாக மதிக்கப்படுகிறது. ஆசிரியர் யார் என்பதில் ஒருமித்த முடிவில்லை. சிந்து, விருத்தம், கலிப்பா முதலிய பாவகைகள் விரவிவர, மாந்தர் தாமே வந்து பேசும் இசை நாடகமாக அமைந்துள்ளது.

களம்

நூல் கூறும் முக்கூடல், சிற்றாறு தாமிரபரணியுடன் கலக்கும் இன்றைய சீவலப்பேரி. மேற்கே உள்ள முக்கூடல் பேரூர் வேறு. பாட்டுடைத் தலைவர் சீவலப்பேரியில் கோயில் கொண்ட திருமாலாகிய அழகர்.

கதை

அழகக் குடும்பனுக்கு மனைவியர் இருவர். மூத்தவள் முக்கூடலைச் சேர்ந்த வைணவப் பெண். இளையவள் மருதூரிலிருந்து வந்த சைவப் பெண். இளையவள் வீடே கதியென்று கிடக்கும் குடும்பன் பண்ணை வேலையைக் கைவிடுகிறான். மூத்தவள் பண்ணையை மேற்பார்க்கும் பண்ணைக்காரனிடம் முறையிட, அவன் குடும்பனைத் தொழுமரத்தில், அதாவது கால்களைப் பூட்டும் தண்டனைக் கட்டையில், மாட்டுகிறான். கணவன் படும் பாட்டைப் பொறுக்காமல், முறையிட்டவளே கெஞ்சி அவனை மீட்கிறாள். பிறகு உழவு நடக்கிறது. மாடு முட்டிக் குடும்பன் மயங்கி, தெளிகிறான். அறுவடைக்குப் பின் நெல்லில் தனக்குப் பங்கு கிடைக்கவில்லை என்று மூத்தவள் பொருமுகிறாள். சக்களத்தியர் ஏசலில் சிவனும் திருமாலும்கூடத் தப்புவதில்லை. கடைசியில் இருவரும் சமாதானமாகின்றனர்.

சிறப்பு

மழைக்குறி சொல்லும் பாடல் பெரிதும் அறியப்பட்டது. மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் மின்னல் வெட்டுகிறது; நண்டு தன் வளைவாயைச் சேற்றால் அடைக்கிறது. புதுவெள்ளம் ஐந்திணை நிலங்களையும் தொட்டு ஓடுகிறது. சித்திரக்காலி, மணல்வாரி, சிறைமீட்டான், சீரகச் சம்பா என நெல்வகைகளும், குடைக்கொம்பன், செம்மறையன் என மாடுகளும் பெயர் சொல்லி எண்ணப்படுகின்றன.

சமூகப் பின்னணி

பொறாமை இங்கே படுக்கையறையோடு நிற்பதில்லை. பண்ணைக் கணக்கிலும் களத்து நெல்லிலும் புகுகிறது. பண்ணைக்காரனின் தோற்றத்தையும் நடையையும் நூல் கேலி செய்கிறது. ஆனால் தொழுமரத்தின் திறவுகோல் அவன் கையில்தான் இருக்கிறது. பண்ணையாட்களின் உழைப்பு, கூலி, தண்டனை ஆகியவற்றை அறிய உதவும் இலக்கியச் சான்றாகவும் இந்நூல் பயன்படுகிறது.