தொற்றும் கடமையும்: கலிபோர்னியாவின் இரண்டு தீர்ப்புகள்

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நோய் தொற்றினால், தொற்றவைத்தவர் இழப்பீடு தர வேண்டுமா? நம் நாட்டில் இந்தக் கேள்வி பெரும்பாலும் குற்றவியல் சட்டத்தின் பக்கமே போய்விடுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 269, 270 பிரிவுகளும், அவற்றின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 271, 272 பிரிவுகளும் தொற்றைப் பரப்புகிறவருக்கான சிறைத்தண்டனையைச் சொல்கின்றன. படுக்கையில் விழுந்தவரின் மருத்துவச் செலவு யார் தலையில் என்று அவை சொல்வதில்லை. அமெரிக்காவிலோ 1884-லேயே, கக்குவான் இருமல் வந்த தன் பிள்ளைகளைத் தெரிந்தே ஒரு தங்கும் விடுதிக்கு அழைத்து வந்தவர், அதனால் விடுதிக்கு நேர்ந்த இழப்புக்குப் பொறுப்பு என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

அந்த மரபில் வந்த இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். இரண்டும் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தினுடையவை. முதலாவது 2006-இல் வந்த ஜான் பி. வழக்கு, மற்றது 2023-இல் வந்த விக்டரி வுட்வொர்க்ஸ் வழக்கு. இரண்டிலும் நீதிமன்றத்துக்கு வந்தவர் நோய்ப்பட்ட மனைவி. தன் கவனக்குறைவால் பிறருக்கு நேரும் தீங்குக்கு ஒவ்வொருவரும் பொறுப்பு என்னும் அந்த மாநில உரிமையியல் சட்டத்தின் 1714-ஆம் பிரிவுதான் இரண்டுக்கும் அடிப்படை.

முதல் வழக்கில் பிரதிவாதி கணவரே. திருமணம் நடந்தது 2000 ஜூலையில். அக்டோபரில் மனைவிக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தது. தனக்கு நோய் எதுவும் இல்லை, தனக்கு வேறு உறவும் இல்லை என்று உறுதி கூறி, பாதுகாப்பின்றி உறவுகொள்ள வற்புறுத்தியவர் அவர் என்பது மனைவியின் புகார். கணவரோ, நோயைக் கொண்டுவந்தவள் நீதான் என்று முதலில் அவர்மீதே பழி போட்டிருக்கிறார். தனக்கு நோய் இருப்பது உறுதியாகத் தெரிந்திருந்தால் மட்டுமே பொறுப்பு என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சூழ்நிலைகளை எல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது தனக்குத் தொற்று இருக்கலாம் என்று அறிய ஒருவருக்குக் காரணம் இருந்தால், அதுவே போதும் என்றது. இது மிகச் சரியான முடிவு. உறுதியாகத் தெரிந்தவர் மட்டுமே பொறுப்பு என்று வைத்தால், பரிசோதனைக்குப் போகாமலிருப்பதே தப்பிக்கும் வழியாகிவிடும்.

அதே சமயம் கணவரின் வாழ்க்கை முழுவதையும் கிளறிப் பார்க்க நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. காப்பீட்டுக்காக 2000 ஆகஸ்ட் 17-இல் அவர் செய்துகொண்ட பரிசோதனையில் தொற்று இல்லை என்றே வந்திருந்தது. ஆகவே அந்தப் பரிசோதனைக்கு ஆறு மாதம் முன்பிருந்துதான் அவருடைய உறவுகளைப் பற்றிக் கேட்கலாம் என்று எல்லை வகுத்தது. கடமை உண்டு, அதற்கு அளவும் உண்டு. இது போன்ற ஓர் எல்லைக்கோட்டைத்தான் 2023-இன் தீர்ப்பிலும் நான் தேடினேன்.

இரண்டாம் வழக்கின் கணவர் சான் பிரான்சிஸ்கோவில் விக்டரி வுட்வொர்க்ஸ் நிறுவனத்தின் கட்டுமான வேலைக்குப் போனவர். கொரோனா தொற்றுக்கு ஆளாகியிருக்கக் கூடிய தொழிலாளர்களை, சுகாதார உத்தரவை மீறி, நிர்வாகம் இன்னொரு தளத்திலிருந்து அவர் வேலை செய்த இடத்துக்கு மாற்றியது என்பது புகார். அவர் வழியாக, 65 வயதைக் கடந்த மனைவிக்கு நோய் தொற்றியது. மருத்துவமனையில் செயற்கைச் சுவாசம் தேவைப்படும் நிலைக்கு அவர் போனார்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் மனைவியின் வழக்கைத் தடுக்காது என்று நீதிமன்றம் முதலில் சொன்னது. தொழிலாளியின் வீட்டாருக்குத் தொற்றுவது முன்கூட்டியே ஊகிக்கக் கூடியதுதான் என்பதையும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் வீட்டாருக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்ளும் கடமை நிர்வாகத்துக்கு இல்லை என்று ஒருமனதாக முடித்தது. கடமை உண்டென்றால் எல்லா நிறுவனங்கள் மீதும் வழக்குகள் குவியும், அத்தியாவசியச் சேவைகள்கூட முடங்கும் என்பது அதன் அச்சம். இத்தனைக்கும், தொழிலாளியின் உடையில் ஒட்டி வீட்டுக்குப் போகும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வீட்டாருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்று 2016-இல் தீர்ப்பளித்ததும் இதே நீதிமன்றம்தான். கொரோனா எங்கும் பரவும், எங்கிருந்து வந்தது என்று சொல்வது கடினம் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சிரமத்தைச் சுமக்க வேண்டியவர் வாதி. அவர் நிரூபிக்கத் தவறினால் விசாரணையில் தோற்கட்டும்; விசாரணைக்கே வழியில்லாமல் செய்தது நியாயமாகப் படவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது வலிப்பது ஒன்றுதான். படுக்கையறைக்குள் ஆறு மாதம் என்று கோடு போடத் தெரிந்த நீதிமன்றம், சுகாதார உத்தரவைத் தெரிந்தே மீறிய நிர்வாகம் மட்டும் பொறுப்பு என்று வேலைத்தளத்திலும் ஒரு கோடு போட்டிருக்கலாம். ஒரு தனி மனிதரிடம், உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்டது. ஆபத்தை அறிந்தே செயல்பட்டதாகப் புகாருக்கு ஆளான நிறுவனத்தை அதே கேள்வியோடு விசாரணைக்கு அனுப்பவில்லை. வேலை செய்தவருக்கு இழப்பீட்டுச் சட்டமாவது இருக்கிறது. அவர் மனைவிக்கு அந்தச் சட்டமும் இல்லை, வழக்குத் தொடுக்கும் வழியும் இல்லை என்றாகிவிட்டது.

கலிபோர்னியாவில் இன்று, வேலைத்தளத்திலிருந்து வீட்டுக்கு வந்த கொரோனாவுக்காகத் தொழிலாளியின் மனைவியோ வீட்டில் உள்ள பெற்றோரோ நிர்வாகத்தின்மீது கவனக்குறைவு வழக்குத் தொடுத்து வெல்ல வழியில்லை. சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றினால்தான் உண்டு, இயற்ற வேண்டும்.