கப்ஸ் (அச்சிடல் முறைமை)

கப்ஸ் என்பது யுனிக்ஸ் வகை இயக்குதளங்களில் அச்சுப் பணிகளை வரிசைப்படுத்தி அச்சுப்பொறிக்கு அனுப்பும் கட்டற்ற மென்பொருள் ஆகும். மைக்கேல் சுவீட் உருவாக்கிய இதன் முதற் பதிப்பு 1999 இல் வெளிவந்தது. 2002 இல் மாக் ஓஎஸ் எக்ஸ் 10.2 இல் இது சேர்க்கப்பட்டது; 2007 இல் ஆப்பிள் நிறுவனம் மூலநிரலை வாங்கியது.

லினக்சு கணினி பகிரும் அச்சுப்பொறியை விண்டோசிலிருந்து இணைய அச்சிடல் நெறிமுறை (துறை 631) அல்லது சம்பா வழியாக அணுகலாம். அச்சுப்பொறி தென்படாவிடில் தீச்சுவரை மட்டும் ஐயுறுதல் போதாது. கப்ஸ் இயல்பிருப்பாகப் பிற கணினிகளின் வேண்டுகோளை ஏற்பதில்லை, பகிர்வை இயக்க வேண்டும். தாள் தாளாகப் பொருளற்ற குறியீடுகள் அச்சாகுமாயின் வலையமைப்பில் குறை தேடுவது வீண். போஸ்ட்ஸ்கிரிப்ட் அறியாத பொறிக்கு அம்மொழியிலேயே தரவு சென்றிருக்கலாம், அல்லது இரு கணினிகளும் தத்தம் இயக்கியால் அதனை மாற்றியிருக்கலாம். லினக்சில் உரிய இயக்கி இருப்பின், விண்டோசில் பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் இயக்கியைத் தெரிவு செய்தல் வேண்டும்.