படைப்பணியினருக்கான விரைவு இணையவழிப் பட்டம் (அமெரிக்கா)

அமெரிக்கப் படையினர் பணியில் இருந்தபடியே, வழக்கமான நான்காண்டுக்கும் குறைந்த காலத்தில் இணையவழியில் பெறும் கல்லூரிப் பட்டம். இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் தேவை. பருவங்கள் பெரும்பாலும் 8 வாரம். ஆனால் காலத்தை உண்மையில் குறைப்பது, முன்பே கற்றதற்குக் கிடைக்கும் கிரெடிட்தான். படைப்பயிற்சிகள் பெரும்பாலும் கூட்டுப்படைச் சான்றாவணம் என்ற பதிவேட்டில் பதிவாகின்றன. அவற்றுக்கு எத்தனை கிரெடிட் தரலாம் என்று அமெரிக்கக் கல்விக் குழு பரிந்துரைக்கிறது. ஏற்பது கல்லூரியின் விருப்பம். எடுத்துக்காட்டாக, இயந்திரப் பழுதுபார்ப்பவரின் பட்டறைப் பயிற்சி பல வேளைகளில் விருப்பப்பாடமாக மட்டுமே கணக்கில் சேரும். கல்லூரிப் பாடங்களுக்கான கிளெப் தேர்வில் தேறி, கல்லூரியும் அதை ஏற்றால், அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டியதில்லை. படையினருக்கான கல்விக் கட்டண உதவித் திட்டம் ஒரு செமஸ்டர் கிரெடிட்டுக்கு 250 டாலர் வரை தருகிறது. மேரிலாந்துப் பல்கலைக்கழகம் 1949இல் ஜெர்மனியில் இருந்த படையினருக்கு வகுப்பு தொடங்கியது இத்தகைய படிப்புகளின் முன்னோடிகளுள் ஒன்று. நீர்மூழ்கிக் கப்பலில் பணிபுரிவோருக்கு, இணையம் கிடைக்காத வாரங்கள் பெரிய இடர்.