கண்ணாடியிழைக் கதவுப் பலகை (கார் ஒலியமைப்பு)

காரின் கதவு உட்புறத்தில் ஆலையிலிருந்து வரும் பிளாஸ்டிக் பலகையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுத்துவிட்டு, ஒலிபெருக்கிக்கு வேண்டிய கோணமும் உறுதியும் கிடைக்கும்படி கண்ணாடியிழையும் ரெசினும் கொண்டு கையால் செய்து பொருத்தும் பலகை. கதவுப் பலகையைப் பட்டறைகளில் 'டோர் பேட்' என்பார்கள். கண்ணாடியிழை வெறும் 'ஃபைபர்'. ஆலைப் பலகையில் ஒலிபெருக்கி பெரும்பாலும் கதவின் அடியில், பயணியின் கெண்டைக்காலைப் பார்த்தபடி இருக்கும். தாழ்ந்த அதிர்வெண்களுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. பாடுபவரின் குரலுக்குத் தெளிவு தரும் உயர் அதிர்வெண்கள் அப்படியல்ல. ஒலிபெருக்கியின் கூம்பு பார்க்கும் திசையிலேயே அவை குவிந்து செல்வதால், காதை எட்டுமுன் சீட்டின் துணியில் அடங்கிவிடுகின்றன. இந்தக் குறையைத் தீர்ப்பதே இப்பலகையின் முதல் வேலை. அழகு அதற்குப் பின்னால்தான் வரும்.

தோற்றம்

காரில் பாட்டுக் கேட்கும் பழக்கமும் கண்ணாடியிழையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அமெரிக்காவில் பிறந்தவை. இரண்டும் ஒன்று சேர அரை நூற்றாண்டு பிடித்தது.

சிகாகோவின் கால்வின் நிறுவனம் 1930-இல் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் வானொலியை விற்கத் தொடங்கியது. ஜெர்மனியின் பிளாபுங்க்ட் 1932-இல் ஐரோப்பாவின் முதல் கார் வானொலியைக் கொண்டுவந்தது. இவற்றுக்கு ஒலிபெருக்கி ஒன்றே. பாட்டும் செய்தியும் அந்த ஒரே இடத்திலிருந்து வந்தன. கதவுக்கு இதில் பங்கே இல்லை.

அந்த நிலையை மாற்றியது ஸ்டீரியோ. அமெரிக்காவில் 1961-இல் எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அனுமதி கிடைத்தது. பழைய கார் வியாபாரியாக இருந்து தொலைக்காட்சிப் பெட்டித் தயாரிப்பாளரான ஏர்ல் மன்ட்ஸ், 1962-இல் கலிஃபோர்னியாவில் காருக்கான நான்கு தட நாடாப் பெட்டியை அறிமுகப்படுத்தினார். மோட்டோரோலாவின் முதல் கார் வானொலியில் பங்கு கொண்ட வில்லியம் லியர், 1960-களின் நடுவில் எட்டுத் தட நாடாவை உருவாக்கினார். ஃபோர்டு நிறுவனம் 1966-ஆம் ஆண்டு மாடல்களில் அதை ஆலையிலேயே பொருத்தித் தந்தது. ஸ்டீரியோவுக்கு இடமும் வலமும் தனித்தனியாக வேண்டும். காரில் இடமும் வலமும் என்றால் இரண்டு கதவுகள். ஒலிபெருக்கி கதவுக்கு இடம் மாறிய கதை இவ்வளவுதான்.

கண்ணாடியிழையின் கதை ஒரு தற்செயலில் தொடங்குகிறது. ஒஹையோ மாநிலத்தில் ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் 1932-இல் இரண்டு கண்ணாடிக் கட்டிகளை ஒட்ட முயன்றுகொண்டிருந்தார். அழுத்தக் காற்று உருகிய கண்ணாடி மேல் பட்டு, அது மெல்லிய இழைகளாகச் சிதறியது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த கேம்ஸ் ஸ்லேட்டர் அதையே உற்பத்தி முறையாக வளர்த்தெடுத்தார். 1938-இல் ஓவன்ஸ்-கார்னிங் நிறுவனம் தனியாக உருவானது. அதே பத்தாண்டில் கார்ல்டன் எல்லிஸ் பாலியெஸ்டர் ரெசினுக்குக் காப்புரிமை பெற்றார். சூடான அச்சோ பெரிய அழுத்தமோ இல்லாமல், இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து தூரிகையால் தடவினாலே இறுகும் வகை ரெசின் அது. பிற்காலத்தில் சிறு பட்டறைக்காரர் எவரும் இந்த வேலையில் இறங்க முடிந்ததற்கு அந்தக் குணமே காரணம். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் ரேடார் உறைகளுக்கு இந்தக் கலவை பயன்பட்டது. வானொலி அலை அதை ஊடுருவிச் செல்லும். போருக்குப் பிறகு படகுகள் வந்தன. 1953-இல் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் கண்ணாடியிழை உடலுடன் 300 செவ்ரலே கார்வெட் கார்கள் கட்டப்பட்டன.

கார்வெட்டைப் பற்றி எல்லா நூல்களும் பேசும். ஆனால் கதவுப் பலகையின் நேரடி முன்னோர்கள் கலிஃபோர்னியாவின் சிறு கொட்டகைகளில் இருந்தவர்கள். எட் ராத் பிளாஸ்டரில் வடிவம் செதுக்கி, அதன்மேல் கண்ணாடியிழை போர்த்தித் தன் கார்களைச் செய்தார். அவருடைய 'பீட்னிக் பேண்டிட்' (1961) இன்று நெவாடா மாநிலம் ரீனோவில் உள்ள கார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படகு கட்டிப் பழகிய புரூஸ் மேயர்ஸ் 1964-இல் ஃபோக்ஸ்வேகன் உறுப்புகளின் மேல் 'மேயர்ஸ் மேங்க்ஸ்' என்ற மணல்மேட்டுக் காரைக் கட்டினார். ஒரே ஒரு காருக்காக, கணினியும் ஆலையும் இல்லாமல், கையால் ஒரு வடிவத்தை உண்டாக்கலாம் என்ற துணிவு இவர்களிடமிருந்து வந்தது. தமிழகக் கடலோரத்தில் ஃபைபர் படகு கட்டுபவர்கள் கையாள்வதும் இதே பொருள், இதே கைமுறை.

மீதிப் பாதி ஒலியியலிலிருந்து வந்தது. எட்கர் வில்ச்சர் 1954-இல், காற்றடைத்து மூடிய சிறு பெட்டியிலிருந்தும் ஆழ்ந்த ஒலி வரும் என்று காட்டினார். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-லும், சிட்னியில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் ஓர் ஒலிபெருக்கியின் குணத்தைச் சில எண்களில் அடக்கினார்கள். பெட்டி எந்த வடிவில் இருந்தாலும் அதன் கொள்ளளவு சரியாக இருந்தால் தாழ் ஒலி கணக்குப்படி வரும் என்பது இதனால் உறுதியானது. கதவு போன்ற கோணல்மாணலான இடத்துக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. ஜெனரல் மோட்டார்ஸும் ஒலிக்கருவி நிறுவனமான போஸும் சேர்ந்து, 1983 மாடல் கேடிலாக் போன்ற கார்களில் அந்தந்தக் காரின் உள்ளமைப்புக்கென்றே கணக்கிட்ட ஒலியமைப்பைத் தந்தன. அதைத் தனிப் பட்டறைகள் கையால் செய்யத் தொடங்கின. பிறகு வந்த ஐ.ஏ.எஸ்.சி.ஏ. கார் ஒலிப் போட்டிகள் ஒலித் தரத்தோடு பொருத்து நேர்த்திக்கும் மதிப்பெண் தந்ததால் கண்ணாடியிழை வேலை தனிக் கலையாக வளர்ந்தது. 2004 முதல் 2007 வரை எம்.டி.வி.யில் வந்த 'பிம்ப் மை ரைடு' நிகழ்ச்சி அதை உலகெங்கும் கொண்டு சேர்த்தது.

வகைகள்

ஆலைப் பலகையை வைத்துக்கொண்டு அதன் அடியில் மட்டும் ஒரு புடைப்பை ஒட்டுவது ஒரு வகை. பழைய பலகையைக் கழற்றி, கைப்பிடி, கண்ணாடி சுவிட்சு, சாமான் பை எல்லாவற்றையும் சேர்த்துப் புதிதாக வார்ப்பது மற்றொன்று. இது மிகக் கடினமானது. கிளிப்புகளின் துளைகள் சிறிது விலகினாலும் பலகை கதவில் உட்காராது. உயர் அதிர்வெண்களுக்கான ட்வீட்டருக்கு மட்டும் பக்கக் கண்ணாடிக்குப் பின்னாலுள்ள முக்கோணத்தில் சிறு குமிழ் வைப்பதும் உண்டு.

ஒலியின் நோக்கில் வகைகள் இரண்டே: கதவின் உட்குழியையே பெட்டியாகக் கொள்வது, பலகைக்குள்ளேயே தனி மூடிய அறை அமைப்பது. ஆறரை அங்குல ஒலிபெருக்கிக்கு முதலாவதே முறையானது. கதவுப் பலகையில் தனி அறைக்கு 4 லிட்டர் இடம் கிடைப்பதே பெரிது. ஒத்ததிர்வெண் 60 ஹெர்ட்ஸ், இணைக் காற்றுக் கொள்ளளவு 15 லிட்டர், ஒத்ததிர்வின் கூர்மையைக் குறிக்கும் மொத்த கியூ 0.6 உள்ள ஓர் ஒலிபெருக்கியை அதில் அடைத்தால், ஒத்ததிர்வு 131 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், கியூ 1.3 ஆகும். மிருதங்கத்தின் தொப்பி கும்மென்று இறங்காமல், ஒரே சுருதியில் ஊதிப்போய்க் கேட்கும். கதவுக் குழியைப் பயன்படுத்துவதென்றால், உள் தகட்டின் பெரிய திறப்புகளை அலுமினியமோ தடித்த தகடோ வைத்து மூடி, வெளித் தகட்டில் பியூட்டைல் ஷீட் ஒட்ட வேண்டும். திறப்புகளை மூடாவிட்டால் கூம்பின் முன்னலையும் பின்னலையும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். மழைநீர் வடியக் கதவின் அடியில் உள்ள துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது.

வடிவமைப்பு

எல்லாம் வளையத்தில் அடங்கியிருக்கிறது. ஒலிபெருக்கி உட்காரும் எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்ப் பலகை) வளையம் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது முடிவானால் பலகையின் வடிவம் தானே பிறந்துவிடும். 165 மி.மீ. ஒலிபெருக்கியின் இயங்கும் கூம்பு ஏறத்தாழ 130 மி.மீ. விட்டம், சுமார் 2,600 ஹெர்ட்ஸில் ஒலியலையின் நீளமும் அதே அளவாகிறது. அதற்கு மேல் ஒலி கற்றையாகக் குவியும். எனவே வளையத்தைச் சற்று மேல்நோக்கியும், எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவரை நோக்கியும் சாய்க்கிறார்கள். அருகிலிருக்கும் ஒலிபெருக்கி ஓட்டுநருக்குப் பக்கவாட்டில் இருக்க, தொலைவிலிருப்பது அவரை நேராகப் பார்ப்பதால் இரண்டின் வேறுபாடும் ஓரளவு சமன்படுகிறது.

சாய்க்குமுன் கதவுக் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டுத்தான் ஆழம் அளக்க வேண்டும். ஒலிபெருக்கியின் காந்தத்துக்கும் இறங்கிய கண்ணாடிக்கும் இடையே ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். பிறகு சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, கதவை மூடிப் பார்க்க வேண்டும். முன்பலகையின் ஓரம் புடைப்பில் இடிப்பது கதவு மூடும் கடைசி அங்குலத்தில்தான் தெரியும். சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் அழுத்த உணரி கதவுக்குழிக்குள் இருக்கிறது. காற்றுப்பையை விரியச் சொல்வது அது. அப்படிப்பட்ட கதவில் துளையிடவோ குழியை அடைக்கவோ கூடாது. எவ்வளவு நல்ல ஒலியும் இந்த ஆபத்துக்கு ஈடாகாது.

செய்முறை

வளையத்தை மரக்குச்சிகளால் கோணம் கட்டி நிறுத்தி, அதன்மேல் ஃபிளீஸ் துணியை இழுத்து ஸ்டேபிள் அடிக்கிறார்கள். துணி சுருக்கமின்றி விறைத்து நின்றால் வளைவு இயல்பாகவே வந்துவிடும். அதன்மேல் ரெசின் ஊறத் தடவி இறுகவிட்டு, உட்புறத்தில் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை மேட்டை மூன்று அடுக்காக ஒட்டுகிறார்கள். ஓர் அடுக்கு சுமார் ஒரு மி.மீ. தடிமன் தரும். விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கில் உயர்வதால் தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். மேட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீனில் கரைந்து, மேட் வளைவுகளில் படிகிறது. எப்பாக்சியில் அப்பசை கரையாது. இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை. அதே ஸ்டைரீன் தெர்மாகோலைத் தின்றுவிடும். தெர்மாகோலில் வடிவம் செதுக்குபவர்கள் அதை முழுதாக டேப் ஒட்டி மூடிய பிறகே ரெசின் தொட வேண்டும்.

ஹார்டனர் ரெசினில் ஒன்று முதல் இரண்டு சதவீதம். 25 டிகிரியில் 20 நிமிடம் தாங்கும் கலவை, சித்திரை வெயிலின் 35 டிகிரியில் ஏறக்குறைய பாதி நேரத்திலேயே டப்பாவுக்குள் கட்டிவிடும். கோபால்ட் ஆக்சிலரேட்டர் தனியாக வரும் ரெசினில் அதை முதலில் முழுதாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே ஹார்டனர் சேர்க்க வேண்டும். இரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

இறுகிய பலகையில் பட்டி பார்த்து, 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 320 வரை தேய்த்து, பிரைமர் அடிக்கிறார்கள். மேலே பெயின்ட்டோ ரெக்சினோ போகலாம். உள்வளைவான இடங்களில் ரெக்சின் பசையைவிட்டு எழும். வெயிலில் நின்ற கார்களில் இது சீக்கிரமே தெரியும். ரெக்சின்தான் என்று முடிவு செய்தவர்கள் புடைப்பை ஆழ்ந்த குழிகள் இல்லாமல், பரந்த வளைவாகவே வடிவமைக்க வேண்டும்.

இன்றைய நிலை

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற இடங்களில் ஆயத்த வளையங்கள் கிடைக்கின்றன. வளையங்களை முப்பரிமாண அச்சில் எடுப்பதும், இரு கதவுகளின் தூர வேறுபாட்டை டி.எஸ்.பி. (எண்ணிம ஒலிச் செயலி) கருவியால் நேரம் தாமதித்துச் சரிசெய்வதும் பரவியுள்ளன.