நூற்றாண்டு விழாக் கட்டடங்களும் கூரைச் செலவும்



ஸ்காபரோ எல்ஸ்மியர் வீதியில் சென்டினியல் பொழுதுபோக்கு நிலையம் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை நீச்சலுக்கோ ஸ்கேட்டிங்குக்கோ கூட்டிச் சென்ற பலருக்கு அது பழகிய இடம். அதன் கதவிலக்கம் 1967. கனடாக் கூட்டாட்சிக்கு நூறு வயதான ஆண்டும் அதுதான். இந்த நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் சென்டினியல் என்ற பெயரில் ஓர் அரங்கோ பூங்காவோ மண்டபமோ கண்ணில் படும். அவை எப்படி வந்தன, இன்று ஏன் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தவேலைக்கு வருகின்றன என்பதே இம்மாதப் பேச்சு.

நூற்றாண்டைக் கொண்டாட ஒட்டாவா ஓர் எளிய திட்டம் போட்டது. ஓர் ஊரில் எத்தனை பேரோ, தலைக்கு ஒரு டொலர் மத்திய அரசு தரும். மாகாணம் ஒரு டொலர், ஊராட்சி ஒரு டொலர் போடவேண்டும். பத்தாயிரம் பேர் உள்ள ஊருக்கு முப்பதாயிரம் டொலர். அந்நாளில் அது சின்னக் காசல்ல. ஊராட்சி தன் பங்கைப் போட்டால்தான் மற்ற இரண்டும் வரும் என்பதால் ஊர்மக்களும் முன்னுக்கு வந்தார்கள். நாடு முழுக்க நூலகங்களும் ஐஸ் அரங்குகளும் நீச்சல் தடாகங்களும் எழுந்தன. பதினொரு முக்கோணங்களால் ஆன மேப்பிள் இலைச் சின்னம் எங்காவது பழைய கட்டடத்தின் சுவரில் இருந்தால், அது அந்த ஆண்டின் அடையாளம்.

கட்டுவதற்குக் காசு வந்தது. கூரை மாற்றுவதற்கு எவரும் காசு ஒதுக்கவில்லை. கணக்காளன் என்ற முறையில் இதில் ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். ஒரு சிறிய கடைக்காரர்கூட தன் குளிர்சாதனப் பெட்டிக்கு ஆண்டுதோறும் தேய்மானம் போடுகிறார். ஆனால் கனேடிய நகரசபைகள் தங்கள் கட்டடங்களைச் சொத்தாகப் பதிந்து தேய்மானம் காட்டவேண்டும் என்ற பொதுத்துறைக் கணக்கியல் விதி நடைமுறைக்கு வந்தது 2009இல்தான். அதுவரை ஓர் அரங்கைக் கட்டிய செலவு அந்த ஆண்டுக் கணக்கோடு முடிந்துவிடும். கட்டடம் வீதியில் நிற்கும், கணக்குப் புத்தகத்தில் இராது. அது பழுதாகி வருவதும் புத்தகத்தில் தெரியாது. தெரியாத செலவை ஒத்திவைப்பது எந்தச் சபைக்கும் இலகு.

ஒத்திவைத்ததன் விலை சில வேளை உயிராகவும் இருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபேர்னி என்ற சிறிய நகரில் 2017 ஒக்டோபர் 17ஆம் திகதி, நகர அரங்கின் குளிரூட்டும் இயந்திரத்திலிருந்து அமோனியா கசிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த இயந்திரம் பழையது. மாற்றவேண்டும் என்ற ஆலோசனை பல ஆண்டுகளுக்கு முன்பே வந்து, தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. கசிவு இருப்பது அந்த ஆண்டு வசந்த காலத்திலேயே தெரிந்திருந்தும், பருவம் தொடங்கியதும் அது மீண்டும் இயக்கப்பட்டது என்று விசாரணை சொன்னது.

அரசுகள் சும்மா இருந்துவிட்டன என்றும் சொல்ல முடியாது. பொருளாதார நெருக்கடியின்போது, 2009இல், பொழுதுபோக்கு நிலையங்களைச் சீரமைக்க மத்திய அரசு இரண்டு ஆண்டுகளுக்கு 500 மில்லியன் டொலர் ஒதுக்கியது. 150ஆவது ஆண்டை முன்னிட்டு 2015இல் 150 மில்லியனும் அடுத்த ஆண்டு இன்னொரு 150 மில்லியனும் வந்தன. இந்தமுறை நிபந்தனை வேறு. புதிதாகக் கட்ட முடியாது. இருப்பதைத் திருத்தலாம், பெருப்பிக்கலாம். நூறாவது பிறந்தநாளுக்குக் கட்டியதை நூற்றைம்பதாவதுக்குப் பழுதுபார்த்தோம் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஒன்ராறியோவில் 2005இல் வந்த அணுகல்தன்மைச் சட்டமும் சக்கர நாற்காலிக்கான சாய்தளம், அகலமான கதவு போன்ற வேலைகளைக் கூட்டியது. 2017இல் வந்த மாகாண ஒழுங்குவிதியோ, ஒவ்வோர் ஊராட்சியும் தன் சொத்துக்களின் நிலையையும் பராமரிப்புச் செலவையும் எழுதித் திட்டமிடவேண்டும் என்கிறது.

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். ஊரில் சனசமூக நிலையம் நடத்திப் பழகியவர்கள் நாம். பேப்பர் வாசிக்க ஒரு மேசை, பக்கத்தில் கரப்பந்தாட்டத் திடல். மழைக்கு ஓடு உடைந்தால் சந்தா சேர்த்து, சிரமதானம் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவோம். இங்கே அப்படி முடியாது. ஸ்காபரோ ஸ்டெய்ன்ஸ் வீதியில் தமிழ்ச் சமூக மையம் அமைக்க 2021இல் மத்திய, மாகாண அரசுகள் சேர்ந்து 26 மில்லியன் டொலருக்கு மேல் அறிவித்தன. அந்தப் பணம் கட்டுவதற்கானது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் வரப்போகும் கூரைக்கும் கொதிகலனுக்கும் யாரும் இன்று காசோலை எழுதமாட்டார்கள்.

கொண்டோவில் இருப்பவர்களுக்கு வழி தெரியும். மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு ஒதுக்கு நிதிக்குப் போகவேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். பெரிய திருத்தவேலையைத் தவிர வேறெதற்கும் அதைத் தொட முடியாது. அதேபோல ஒரு ஒதுக்கு நிதியை நம் பொது மண்டபங்களும் கோயில்களும் சங்கங்களும் கதவு திறக்கும் நாளிலேயே தொடங்கவேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போனால் பொருளாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கூரைக்கு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?