சத்தம் போடாத பெல்ட்

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிணறுகளில் கமலை இறைத்தவர்களுக்கு டைமிங் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சால் என்கிற வாளியைத் தூக்க மேல் சக்கரத்தில் வடம். சாலின் அடியில் தொங்கும் தோல் தும்பியைப் பிடித்துக்கொள்ளக் கீழ் உருளையில் வால்கயிறு. இழுக்கிற மாடு ஒரே ஜோடிதான். இரண்டு கயிற்றின் அளவும் ஒத்துப்போனால், சால் மேலே வந்ததும் தும்பி நீண்டு வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். அளவு பிசகினால் தண்ணீர் பாதி வழியிலேயே கிணற்றுக்குள் போய்விடும். வடம் நைந்தால் பிரிபிரியாகத் தெரியும். கையால் தடவிப் பார்த்தே, இது இந்த வாரம் தாங்காது என்று சொல்லிவிடுவார்கள்.

கார் எஞ்சினில் இதே வேலையைப் பார்க்கும் டைமிங் பெல்ட்டுக்கு அந்த நாணயம் கிடையாது. கீழே கிராங்க், மேலே கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால்தான் கீழ்ப் பல்சக்கரத்தைப் போல இரண்டு மடங்கு பற்கள் மேல் சக்கரத்தில். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு விலகிக்கொள்ள வேண்டும். இந்த ஒப்பந்தத்தைக் காப்பது, ஒரு கவருக்குள் மறைந்து ஓடும் விரலகல ரப்பர் பட்டை.

அது முதலில் காருக்காகப் பிறந்ததே இல்லை. 1940களில் அமெரிக்காவில் கில்மர் என்ற பெல்ட் கம்பெனியில் ரிச்சர்ட் கேஸ் என்பவர் பல் வைத்த பெல்ட்டை உருவாக்கினார், சிங்கர் தையல் மிஷினுக்காக. மதுரைப் புதுமண்டபத்துத் தையல்காரர்கள் காலால் மிதித்த மிஷினின் தோல் பெல்ட் கொஞ்சம் வழுக்கினாலும் நஷ்டமில்லை, தையல் மெதுவாகும், அவ்வளவுதான். ஊசிக்கும் அடியில் இருக்கும் கொக்கிக்கும் நடுவில் வழுக்கல் கூடாது. அந்த இடத்துக்குத்தான் பல் தேவைப்பட்டது. 1962-ல் ஜெர்மனியின் பவேரியாவில் கிளாஸ் என்ற சிறிய கம்பெனி தன் 1004 காரில் கேம் ஷாஃப்ட்டைச் சுற்ற இதைப் போட்டது. பெருமளவில் தயாரான கார்களில் அதுவே முதல் என்பார்கள். 1966-ல் கம்பெனியே பி.எம்.டபிள்யூ. கைக்குப் போய்விட்டது, பெல்ட் உலகமெங்கும் போனது. சங்கிலியைவிட மலிவு, எடை குறைவு, எண்ணெய் கேட்காது, சத்தமும் இல்லை. கடைசிக் குணத்தைத்தான் நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

நம் ஊருக்கு அதை வீடு வீடாகக் கொண்டுவந்தது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ, டாக்ஸி ஸ்டாண்டுகளை நிறைத்த டாடா இண்டிகா டீசல். மதுரைக்காரர்களுக்கு பெல்ட் என்றால் முன்பே தெரியும். கோச்சடையில் ஃபென்னர் பெல்ட் கம்பெனி இருக்கிறதே. ஆனால் அந்தப் பெயர் மனதில் பதிந்தது வி-பெல்ட்டால். தேய்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தித் தெருவையே எழுப்பும் ஜாதி அது.

டைமிங் பெல்ட் பிறக்கும் விதம் வேறு. பள்ளம் பள்ளமாக வெட்டிய இரும்பு உருளை மேல் முதலில் நைலான் துணியைச் சட்டை மாதிரி மாட்டுவார்கள். அதன் மேல் கண்ணாடி இழைக் கயிறு நெருக்கமாகச் சுற்றப்படும். பெல்ட்டின் வடம் அதுதான்; நீளாமல் பார்த்துக்கொள்வது அதன் பொறுப்பு. மேலே ரப்பர் தகடு. சூட்டிலும் அழுத்தத்திலும் ரப்பர் இளகி, கயிற்றின் இடுக்கு வழியே பள்ளங்களில் இறங்கிப் பல்லாகிவிடும். கிடைக்கும் நீளக் குழலை வாழைத்தண்டு நறுக்குவதுபோல நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரு பெல்ட்.

வெளி வீதிப் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நம் ஆட்கள் அதை வாங்கும் அழகைப் பார்க்க வேண்டும். உறையைப் பிரித்து, முறுக்கி, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, “நல்லா வளையுதுப்பா” என்று சான்றிதழ் கொடுப்பார்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. அந்த முறுக்கில் நாலு இழை உடைந்தாலும் வெளியே தெரியாது.

எப்போது மாற்றுவது? பல கையேடுகள் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் ஒரு எண்ணைச் சொல்கின்றன. கூடவே வருடக் கணக்கும் இருக்கும். எது முதலில் வருகிறதோ அது. முதல் எண்ணைப் படிக்கிறவர்கள் இரண்டாவதைப் படிப்பதில்லை. முதல் எண்ணுமே ஊருக்கு ஊர் வேறுபடும். மேலூர் நாற்கரச் சாலையில் சராசரி 40 கிலோமீட்டர் வேகம், நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், 60,000 கிலோமீட்டருக்குள் கிராங்க் 18 கோடி தடவை சுற்றியிருக்கும். கோரிப்பாளையத்துக்கும் சிம்மக்கல்லுக்கும் நடுவே ஊர்கிற வண்டிக்குச் சராசரி 20, சுற்று 1,500 என்றால் அதே தூரத்துக்கு 27 கோடி. மீட்டரில் இரண்டும் ஒன்றுதான்.

அண்ணாநகரில் இருக்கும் என் மாமாவின் 800 இரண்டிலும் சேராது. சனிக்கிழமை அழகர்கோவில், முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம், மற்றபடி ஷெட். பதினோரு வருஷத்தில் 31,000 கிலோமீட்டர். “பாதித் தூரம்கூட ஓடலையே மாப்ளே, எதுக்கு மாத்தணும்?” என்றார். கூட வந்தது நான், பேசியது மெக்கானிக். “கிலோமீட்டரை விடுங்கய்யா, வருஷத்தைப் பாருங்க.”

கவரைக் கழற்றியபோது பெல்ட் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. வெளியே எடுத்து லேசாகப் பின்பக்கம் மடக்கினார். பற்களின் அடியில், கோடையில் வறண்ட கண்மாய்போல மெல்லிய வெடிப்புகள். நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. ரப்பர் ஓடாக இறுகிவிட்டது. மதுரை வெயிலுக்கு மேல் பானட்டுக்குள் எஞ்சின் சூடு வேறு. ஓடினாலும் நின்றாலும் ரப்பருக்கு வயதாகிக்கொண்டேதான் இருக்கும். ஒரு ஓரத்தில் எண்ணெய் ஈரமும் இருந்தது. கேம் ஆயில் சீல் கசிந்திருக்கிறது. ரப்பருக்கு அது விஷம்.

இப்படிப்பட்டது ஒருநாள் ஒரு பல்லைத் தாண்டும், அல்லது மொத்தமாக அறும். சில எஞ்சின்கள் நடுரோட்டில் அப்படியே நின்றுவிடும், புதுப் பெல்ட்டோடு பிழைத்துக்கொள்ளும். டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இடமே இல்லை. வால்வு பெண்டாகி, ஹெட்டை இறக்கி, பெல்ட் விலையைப் போலப் பல மடங்கு செலவு. தப்பிக்க நினைத்தோ என்னவோ, பின்னால் வந்த கே-சீரிஸ், 1.3 மல்டிஜெட் போன்ற எஞ்சின்கள் மறுபடி சங்கிலிக்கே திரும்பின.

“பெல்ட்டை இறுக்குற டென்ஷனரையும் சேர்த்து மாத்திடுறேன். பழைய பேரிங் புதுப் பெல்ட்டைத் தின்னுரும்” என்றார் மெக்கானிக். மாமா தலையாட்டினார். சீல் மாற்ற கேம் புல்லியைக் கழற்ற வேண்டும். போல்ட்டைத் திருகினால் புல்லியும் கூடவே சுற்றும். மெக்கானிக் சுவர் ஆணியில் தொங்கிய ஏதோ ஒரு பழைய பெல்ட் துண்டை எடுத்துப் புல்லியில் சுற்றினார். பல்லோடு பல் கவ்வியது. உதவிக்கு இருந்த பையன் இரண்டு நுனியையும் சேர்த்து இழுத்துப் பிடிக்க, போல்ட் இளகியது. புதுசை மார்க் வைத்து மாட்டி, ஸ்பேனரால் கிராங்கை இரண்டு சுற்று கையாலேயே சுற்றி, மார்க் மறுபடி ஒத்துவருகிறதா என்று பார்த்தபிறகுதான் சாவி கேட்டார்.

கிளம்பும்போது பையன் மாமா வண்டியின் பெல்ட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தான். ஆணியில் இருந்தது நைந்துவிட்டதாம்.